ஒரு நாற்காலி, இரண்டு ஒப்பந்தங்கள்: பாபி பௌடன் வெளியேறிய கதை

2009 நவம்பர் 8-ஆம் தேதி, ஃப்ளோரிடா ஸ்டேட் பல்கலைக்கழக ஃபுட்பால் அணியின் தலைமைப் பயிற்சியாளர் பாபி பௌடனுக்கு எண்பது வயது நிறைந்தது. நவம்பர் 30, திங்கட்கிழமை, அவருடைய வேலை போயிற்று. வேலைநீக்கம் என்ற சொல்லை யாரும் பயன்படுத்தவில்லை. மறுநாள் வந்த அறிவிப்பில் ‘ஓய்வு’ என்றுதான் இருந்தது. ஆனால் இன்னும் ஒரு வருடம் இருக்க ஆசைப்பட்டேன், விடவில்லை என்று பின்னாளில் அவரே வெளிப்படையாகச் சொல்லிவிட்டார்.

அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில் பயிற்சியாளர்கள் மாறுவது வருடா வருடம் நடப்பதுதான். ஃப்ளோரிடா ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் நடந்ததைத் தனியாக எடுத்துப் பார்க்கக் காரணம், அங்கே எல்லாமே முன்கூட்டியே திட்டமிட்டு, எழுதி, கையெழுத்துப் போட்டுச் செய்யப்பட்டது. அடுத்தவர் யார் என்பது இரண்டு வருடம் முன்பே ஊருக்குத் தெரியும். சண்டை வராமல் இருக்கத்தான் அந்த ஏற்பாடு. கடைசியில் சண்டை வந்ததே அந்த ஏற்பாட்டால்தான் என்பது என் வாசிப்பு.

இந்த விளையாட்டோடு பழக்கமில்லாதவர்களுக்கு ஒரு சிறு விளக்கம். இது நாம் சொல்லும் கால்பந்து இல்லை. முட்டை வடிவப் பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடும், தலைக்கவசம் போட்ட ஆட்டம். பெரிய அரசுப் பல்கலைக்கழகங்களில் தலைமைப் பயிற்சியாளரின் சம்பளம் துணைவேந்தர் நிலையில் இருக்கும் தலைவரின் சம்பளத்தைவிடப் பல மடங்கு அதிகம். அவருக்கு மேலே விளையாட்டு இயக்குநர், அதற்கு மேலே பல்கலைக்கழகத் தலைவர், அதற்கும் மேலே அறங்காவலர் குழு. இவர்கள் எல்லாருக்கும் பக்கத்தில் பூஸ்டர்கள், அதாவது பணம் கொடுக்கும் பழைய மாணவர்களும் ரசிகர்களும். தாளில் அவர்களுக்கு ஒரு பதவியும் கிடையாது. ஆனால் செக் எழுதுவது அவர்கள்தான்.

பௌடன் 1976-ல் ஃப்ளோரிடா ஸ்டேட் இருக்கும் ஊரான தல்லஹாசிக்கு வந்தபோது அந்த அணி முந்தைய மூன்று சீசன்களில் ஆடிய 33 ஆட்டங்களில் நான்கைத்தான் வென்றிருந்தது. 1947 வரை பெண்கள் கல்லூரியாக இருந்த இடம், ஃபுட்பால் பாரம்பரியம் என்று சொல்லிக்கொள்ளப் பெரிதாக ஒன்றும் இல்லை. அந்த அணியை 1987 முதல் 2000 வரை தொடர்ந்து பதினான்கு வருடம் நாட்டின் முதல் ஐந்து இடங்களுக்குள் வைத்திருந்தார். 1993-லும் 1999-லும் தேசியப் பட்டம். 2004-ல் மைதானத்துக்கே அவர் பெயரை வைத்தார்கள். உயிரோடு, பதவியில் இருக்கும் மனிதரின் பெயரை அவர் வேலை செய்யும் இடத்துக்கு வைப்பதில் ஒரு சிக்கல் உண்டு. பின்னால் அவரை எப்படிப் போகச் சொல்வது?

சரிவு எப்போது தொடங்கியது என்றால் பெரும்பாலோர் ஒரே இடத்தைக் காட்டுவார்கள். 2000 சீசன் முடிந்ததும் தாக்குதல் ஆட்டத்தை நடத்திவந்த மார்க் ரிச்ட், ஜார்ஜியா பல்கலைக்கழகத்துக்குத் தலைமைப் பயிற்சியாளராகப் போனார். அந்த இடத்துக்குப் பௌடன் தன் மகன் ஜெஃப்பைக் கொண்டுவந்தார். மகன் சரியாகச் செய்திருந்தால் யாரும் வாயைத் திறந்திருக்க மாட்டார்கள். செய்யவில்லை. புள்ளிகள் குறைந்தன, கேலரியில் முணுமுணுப்பு கூடியது. 2006 நவம்பரில் சொந்த மைதானத்தில் வேக் ஃபாரஸ்டிடம் 30-0 என்று தோற்றார்கள். பௌடன் காலத்தில் சொந்த ஊரில் ஒரு புள்ளிகூட எடுக்காமல் தோற்றது அதுதான் முதல் முறை. சில நாட்களில் ஜெஃப் ராஜினாமா செய்தார். அவருக்குக் கிடைத்த பிரிவுத்தொகை ஐந்து லட்சம் டாலருக்கும் மேல். அதைக் கொடுத்தது பூஸ்டர் அமைப்பு.

இதை நான் முதல் காய் நகர்த்தல் என்று சொல்வேன். தந்தையைத் தொட முடியாது, மகனைத் தொடலாம். தொட்டவுடன், அடுத்து அந்த நாற்காலியில் யார் உட்காருவது என்பதில் மேலிடத்துக்கு ஒரு பிடி கிடைத்தது.

வந்தவர் ஜிம்போ ஃபிஷர். லூசியானா ஸ்டேட்டில் ஏழு சீசன் தாக்குதல் ஒருங்கிணைப்பாளராக இருந்தவர். அவர் அந்நியரும் இல்லை. மேற்கு வர்ஜீனியாவில் பிறந்தவர், அங்குள்ள சேலம் கல்லூரியில் பௌடனின் இன்னொரு மகன் டெரியிடம் குவார்ட்டர்பேக்காக, அதாவது தாக்குதலை வழிநடத்திப் பந்தை எறிபவராக, ஆடியவர், டெரி போன இடமெல்லாம் கூடவே போய் ஆபர்னில் அவரிடம் உதவிப் பயிற்சியாளராக இருந்தவர். பௌடன் குடும்பத்தின் கையால் வளர்ந்த பையன் என்றே சொல்லலாம். 2006 டிசம்பரில் அவருக்கு அலபாமா-பர்மிங்காமில் தலைமைப் பதவி ஏறக்குறைய முடிவாகியிருந்தது. அலபாமா பல்கலைக்கழக அமைப்பின் அறங்காவலர்கள் ஒப்பந்தத்துக்குத் தடை போட்டதால் கைநழுவிப் போயிற்று. நாற்காலி என்பது மேலே இருக்கும் நாலு பேர் தலையசைத்தால்தான் கிடைக்கும் என்ற பாடத்தை அவர் தல்லஹாசிக்கு வரும் முன்பே படித்துவிட்டார். அடுத்து அவர் போட்ட ஒப்பந்தத்தைப் பார்க்கும்போது இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

2007 டிசம்பரில் அந்த ஒப்பந்தம் வந்தது. அந்த சீசனும் 7-6, அதாவது ஏழு வெற்றி ஆறு தோல்வி என்றுதான் முடிந்தது. ஃபிஷரை வேறு யாராவது கொத்திக்கொண்டு போய்விடுவார்கள் என்ற பயம் ஒரு பக்கம். இன்னொரு பக்கம் ஆள் சேர்ப்பு. பதினேழு வயதுப் பையன் வீட்டுக்குப் போய் எங்கள் கல்லூரிக்கு வா என்று கேட்கிறீர்கள். நீங்கள் போனதும் எதிரணிக்காரர் வந்து உட்கார்ந்து, நீ இரண்டாம் வருடம் படிக்கும்போது அந்தத் தாத்தா அங்கே இருக்க மாட்டார் என்று பெற்றோரிடம் சொல்கிறார். அதற்குப் பதில் வேண்டும். அடுத்து வருபவர் இவர்தான் என்று கையைக் காட்டினால் அந்த வாயை அடைக்கலாம்.

சரி, காட்டினார்கள். ஃபிஷர் ‘காத்திருக்கும் தலைமைப் பயிற்சியாளர்’ ஆனார். நம் மொழியில் பட்டத்து இளவரசர். 2011 ஜனவரிக்குள் தலைமைப் பதவி கைக்கு வராவிட்டால் அவருக்கு 25 லட்சம் டாலர் தர வேண்டும், அவராகக் கிளம்பிப் போனால் அவர் அதே அளவு கட்ட வேண்டும் என்று எழுதிக்கொண்டார்கள். 2009 முடியும் தறுவாயில் பல்கலைக்கழகத் தரப்பு தர வேண்டியதாகப் பேசப்பட்ட தொகை 50 லட்சமாகிவிட்டது.

பௌடன் கையில் இருந்தது என்ன? ஒவ்வொரு வருடமாகப் புதுப்பிக்கும் ஒப்பந்தம். அது 2010 ஜனவரி முதல் வாரத்தோடு முடிகிறது.

இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முப்பத்து நான்கு வருடம் இருந்தவரை அனுப்பக் காத்திருந்தாலே போதும், ஒப்பந்தம் தானாகத் தீர்ந்துவிடும். மூன்று வருடம் இருந்தவரை ஏமாற்ற 50 லட்சம் டாலர் ஆகும். அறங்காவலர் குழுவில் உட்கார்ந்திருக்கும் ஒருவருக்கு, அவர் பௌடனின் பரம ரசிகராகவே இருந்தாலும், இந்தக் கணக்கு எந்தப் பக்கம் போகும் என்று சொல்லித்தர வேண்டியதில்லை. வக்கீல் மூளை இருந்த பக்கம் ஃபிஷர் பக்கம்தான். பௌடன் பழைய காலத்து மனிதர். கைகுலுக்கினால் போதும் என்று நம்பியிருக்கலாம்.

அதே 2007 இறுதியில் விளையாட்டு இயக்குநர் டேவ் ஹார்ட்டும் வெளியேறினார். அவருக்குப் பதில் 2008-ல் ராண்டி ஸ்பெட்மன் வந்தார். புதிதாக வந்த இயக்குநர் ஏற்கெனவே முடிவாகிப்போன வாரிசு ஒப்பந்தத்தைத்தான் கையில் வாங்கினார். இதில் அவருக்குத் தனி ஆட்டம் ஆட இடமே இல்லை.

அணிக்குள் ஒரே உறையில் இரண்டு கத்தி. தாக்குதல் பிரிவு ஃபிஷரின் ராஜ்யம், அங்கே அவருக்கு வேண்டியவர்கள். தடுப்புப் பிரிவு 1984 முதல் அதை நடத்திவந்த மிக்கி ஆண்ட்ரூஸின் கையில், அவர் பௌடனின் ஆள். 2009-ல் தாக்குதல் பிரிவு நன்றாகவே புள்ளிகள் எடுத்தது, குவார்ட்டர்பேக் கிறிஸ்டியன் பாண்டர் அருமையாக ஆடிக்கொண்டிருந்தார். தடுப்பு ஓட்டையாகக் கிடந்தது. அக்டோபர் 10-ஆம் தேதி ஜார்ஜியா டெக்கிடம் சொந்த ஊரில் 44 புள்ளிகள் எடுத்துத் தோற்றார்கள், எதிரணி 49. புதிய ராஜ்யம் ஜெயிக்கிறது, பழைய ராஜ்யம் தோற்கிறது என்று ஸ்கோர் போர்டே விளக்கம் கொடுத்தது. அன்றைய நிலை இரண்டு வெற்றி, நான்கு தோல்வி.

இதற்கு ஒரு வாரம் முன்புதான் வெடி வெடித்திருந்தது. அக்டோபர் 3-ஆம் தேதி பாஸ்டன் காலேஜிடம் தோற்ற ஓரிரு நாட்களில் அறங்காவலர் குழுத் தலைவர் ஜிம் ஸ்மித், பௌடனுக்கு இதுவே கடைசி வருடமாக இருக்க வேண்டும் என்று உள்ளூர்ப் பத்திரிகையிடம் வெளிப்படையாகச் சொன்னார். அணி ஒரு வருடம் இரண்டு வருடமாக இல்லை, ஏழெட்டு வருடமாகச் சரிந்துவருகிறது, ரசிகர்கள் போதுமான பொறுமை காட்டியாகிவிட்டது என்பது அவர் வாதம். ஸ்மித் சாதாரண ஆள் இல்லை. ஃப்ளோரிடா மாநிலத்தின் அட்டர்னி ஜெனரலாகவும் மாநிலச் செயலராகவும் இருந்த பழுத்த அரசியல்வாதி. இப்படிப்பட்டவர் தோல்விக்கு மறுநாள் ஆத்திரத்தில் உளறிவிட்டார் என்று நம்ப எனக்கு மனம் வரவில்லை. மூடிய அறையில் சொல்ல முடியாததை ஊர் முன்னால் சொன்னால், அடுத்து அறைக்குள் போகிறவர்களுக்கு வேலை சுலபமாகிவிடும். கண்டனம் வந்தது, சீசன் நடுவில் இப்படியா என்றார்கள். ஆனால் யாரும், அவர் சொல்வது நடக்காது என்று சொல்லவில்லை.

பௌடன் ஏன் தானாகப் போகவில்லை என்ற கேள்வி நியாயமானதே. ஒரு காரணம் ஒரு எண்ணிக்கை. அந்த சீசன் தொடங்கும்போது அவர் கணக்கில் 382 வெற்றிகள். பென் ஸ்டேட் பல்கலைக்கழகப் பயிற்சியாளர் ஜோ பட்டர்னோ கணக்கில் 383. உச்ச நிலைக் கல்லூரி ஃபுட்பாலில் அதிக வெற்றி யாருக்கு என்ற ஓட்டத்தில் இரண்டு கிழவர்களுக்கும் நடுவே ஒரே ஒரு ஆட்டம். இதற்கிடையே இன்னொரு கத்தியும் தலைக்கு மேல் தொங்கியது. இணையவழி இசைப் பாடம் ஒன்றின் தேர்வில் முறைகேடு, பத்து விளையாட்டுகளைச் சேர்ந்த 61 மாணவர்கள் சம்பந்தப்பட்டிருந்தார்கள். அதற்காக 2009 மார்ச்சில், கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் அமைப்பான என்சிஏஏ தண்டனை அறிவித்தது. பௌடனின் வெற்றிகளில் பதினான்கு வரை அழிக்கப்படலாம் என்ற நிலை, மேல்முறையீடு நடந்துகொண்டிருந்தது. தேர்வு எழுதியதும் காப்பியடித்ததும் அவர் இல்லை. அழியப்போவது அவர் கணக்கு.

இன்னொரு காரணத்தையும் ஒதுக்க முடியாது. அவர் குடும்பம் இந்த ஆட்டத்தின் கசப்பான பக்கத்தை நன்றாகவே பார்த்திருந்தது. டெரி 1998-ல் ஆபர்னிலிருந்து சீசன் நடுவில் வெளியேறினார். டாமி 2008-ல் கிளெம்சனிலிருந்து, அதுவும் சீசன் நடுவில். அப்புறம் ஜெஃப். தந்தையாவது தன் நேரத்தில் தன் கால்களால் நடந்து போக வேண்டும் என்று நினைத்திருந்தால் அதில் என்ன தப்பு?

நவம்பர் தொடக்கத்தில் ஆண்ட்ரூஸ் ஓய்வு அறிவித்தார். பௌடனின் கடைசிக் கோட்டைச் சுவர் விழுந்தது. பாண்டருக்கும் காயம். நவம்பர் 28-ஆம் தேதி கெய்ன்ஸ்வில்லில் பரம எதிரியான ஃப்ளோரிடா பல்கலைக்கழகத்திடம் 37-10 என்று தோல்வி. கணக்கு 6-6.

இரண்டு நாள் கழித்து அந்தச் சந்திப்பு. எதிரே உட்கார்ந்தவர்கள் பல்கலைக்கழகத் தலைவர் டி.கே. வெதரெல்லும் ஸ்பெட்மனும். இந்த முழு விவகாரத்திலும் எனக்கு அதிகம் உறுத்துவது இந்த இடம்தான். பௌடன் 1963 முதல் 1965 வரை இதே கல்லூரியில் உதவிப் பயிற்சியாளராக, பந்து பிடிக்கும் ரிசீவர்களுக்குப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தார். அந்த அணியில் ரிசீவராக இருந்த மாணவர்களில் ஒருவர் இந்த வெதரெல். பிறகு அரசியலுக்குப் போய் ஃப்ளோரிடா கீழவையின் சபாநாயகர் ஆனார், 2003-ல் பல்கலைக்கழகத்தின் தலைவராகத் திரும்பி வந்தார். வாத்தியாரைப் போகச் சொல்லும் வேலை மாணவன் தலையில் விழுந்தது. அதோடு வெதரெல்லே போகப்போகிறவர்தான். அந்த வருடம் ஜூன் மாதமே ராஜினாமாவை அறிவித்து, அடுத்த தலைவர் வரும்வரை நாற்காலியில் இருந்தார். போகிறவர்தான் இந்த வேலையை முடிக்க முடியும் என்று ஒரு பேச்சு உண்டு. புதிதாக வருபவர் பௌடனை அனுப்பினால் அந்தப் பாவம் அவர் காலம் முழுக்கத் தொடரும்.

முன்வைத்த வழிகள் இரண்டு. பெயருக்குத் தலைமைப் பயிற்சியாளராக, ஒரு தூதர் மாதிரி, இன்னொரு வருடம் இருக்கலாம், ஆனால் அணியை ஃபிஷர் நடத்துவார். இல்லையென்றால் பவுல் ஆட்டத்தோடு, அதாவது சீசன் முடிந்தபின் அழைப்பின் பேரில் ஆடும் கடைசி ஆட்டத்தோடு, ஓய்வு. ஐம்பது வருடத்துக்கும் மேல் கோட்டோரத்தில் நின்ற மனிதரிடம் முதல் வழியை நீட்டுவது, இரண்டாவதை எடுத்துக்கொள்ளச் சொல்வதற்குத்தான். அவரும் எடுத்துக்கொண்டார்.

வழியனுப்பு விழாவை மட்டும் பிரமாதமாகச் செய்தார்கள். 6-6 கணக்கு வைத்திருந்த அணி சாதாரணமாக எட்டிப் பார்க்க முடியாத கேட்டர் பவுலுக்கு அழைப்பு வந்தது, பௌடனின் கடைசி ஆட்டம் என்ற ஒரே காரணத்துக்காக. எதிரணி மேற்கு வர்ஜீனியா, தல்லஹாசிக்கு வரும் முன் அவர் பயிற்சியாளராக இருந்த இடம். 2010 ஜனவரி 1, ஜாக்சன்வில், எண்பத்து நான்காயிரத்துக்கும் மேல் கூட்டம். ஆட்டத்துக்கு முன் குதிரையில் வரும் அணியின் அடையாள வேடமான ஓசியோலா நடும் எரியீட்டியை அன்று பௌடனே மைதானத்தின் நடுவில் குத்தினார். 33-21 என்று ஜெயித்தார். பையன்கள் தோளில் தூக்கிக்கொண்டு போனார்கள்.

அவர் கணக்கு 389. சில நாட்களில் மேல்முறையீடு தள்ளுபடியாகி, 2006, 2007 சீசன்களின் பன்னிரண்டு வெற்றிகள் அழிந்து 377 ஆயிற்று. இதில் ஒரு விசித்திரம். 2012-ல் பென் ஸ்டேட் பாலியல் குற்ற விவகாரத்தில் பட்டர்னோவின் 111 வெற்றிகளை என்சிஏஏ பறித்தது. உடனே அந்த ஓட்டத்தில் பௌடன் முதலிடத்துக்கு வந்துவிட்டார், வீட்டில் உட்கார்ந்தபடி. 2015 ஜனவரியில் பட்டர்னோவுக்கு அவை திரும்பக் கிடைத்ததும் மறுபடியும் இறங்கினார். இந்த எண்ணுக்காகவா இவ்வளவு என்று கேட்கத் தோன்றும்.

ஃபிஷரைத் தேர்ந்தெடுத்தது தவறா என்றால் இல்லை. முதல் சீசனிலேயே பத்து வெற்றி. 2013-ல் ஒரு தோல்விகூட இல்லாமல், ஆபர்னை 34-31 என்று வென்று தேசியப் பட்டம். ஆளைச் சரியாகவே கணித்தார்கள். தவறு, ஆளையும் தேதியையும் ஒரே தாளில் கட்டிப்போட்டு, அந்தக் கட்டின் சுமை முழுக்கப் பழையவர் பக்கம் விழும்படி விட்டது. பௌடன் எப்போது போவார் என்று அவரிடம் அன்றே, 2007-லேயே, கேட்டு எழுதி வாங்கியிருக்கலாம். கேட்க யாருக்கும் தைரியம் இல்லை. மைதானத்துக்குப் பெயர் வைத்தவர்கள் அல்லவா.

அந்தக் காலத்தில் இது ஒரு மோகமாகவே இருந்தது. ஓரிகனில் நன்றாக வேலை செய்தது, மைக் பெலோட்டி விளையாட்டு இயக்குநராக மேலே போக, சிப் கெல்லி அவர் இடத்துக்கு வந்தார். மூத்தவருக்கு ஒரு படி மேலே இடம் இருந்ததால் நடந்தது என்று நினைக்கிறேன். டெக்சஸில் மேக் பிரவுனுக்கு வாரிசாக அறிவிக்கப்பட்ட வில் மஸ்சேம்ப், காத்திருந்து அலுத்து 2010 டிசம்பரில் ஃப்ளோரிடாவுக்குப் போய்விட்டார். அதே மாதம் மேரிலாந்தின் வாரிசு ஜேம்ஸ் ஃப்ராங்க்ளின் வாண்டர்பில்ட்டுக்கு. மேற்கு வர்ஜீனியாவில் நடந்தது இதைவிட அசிங்கம். 2012-ல் பதவி ஏற்க வேண்டிய டேனா ஹோல்கர்சனை முன்கூட்டியே அணிக்குள் கொண்டுவந்தார்கள். தன் வாரிசைப் பற்றிக் கெட்ட செய்தி தோண்டித்தரும்படி பத்திரிகையாளர்களைக் கேட்டதாகப் பழைய பயிற்சியாளர் மேல் குற்றச்சாட்டு எழுந்து, 2011 ஜூனில் அவர் ராஜினாமா செய்தார். அவர் பெயர் பில் ஸ்டூவர்ட். பௌடனின் கடைசி ஆட்டத்தில் எதிர்க் கோட்டோரத்தில் நின்றவர்.

தல்லஹாசிக் கதைக்கு ஒரு வால் இருக்கிறது. பௌடன் மைதானப் பக்கமே வராமல் சில வருடம் ஒதுங்கியிருந்தார். தன் நிழல் ஃபிஷர் மேல் விழக் கூடாது என்பதற்காக என்று மரியாதையாகச் சொல்லலாம். 2013 அக்டோபர் 26-ஆம் தேதி திரும்பி வந்து மறுபடி ஈட்டியைக் குத்தினார். ஃபிஷர் 2017 டிசம்பர் 1-ஆம் தேதி டெக்சஸ் ஏ அண்ட் எம்முக்குக் கிளம்பினார், பத்து வருடத்துக்கு ஏழரைக் கோடி டாலர், முழுக்க உத்தரவாதத்தோடு. 2023 நவம்பரில் அங்கே அவரை அனுப்பியபோது ஏழரைக் கோடிக்கும் மேல் பிரிவுத்தொகை கொடுக்க வேண்டியிருந்தது. ஒப்பந்தம் எழுதுவதில் மனிதர் கடைசிவரை அசரவே இல்லை.

2017-ல் ஃபிஷர் போன மறுநாள் ஃப்ளோரிடா ஸ்டேட்டுக்கு ஒரு ஆட்டம் பாக்கி இருந்தது. புயலால் தள்ளிப்போன ஆட்டம், எதிரணி லூசியானா-மன்ரோ. ஜெயித்தால்தான் பவுலுக்குப் போகலாம், தோற்றால் 1982-ல் பௌடன் தொடங்கிவைத்த, வருடம் தவறாமல் பவுல் ஆடும் தொடர் அறுந்துவிடும். தற்காலிகப் பொறுப்பு ஓடெல் ஹேகின்ஸுக்கு வந்தது. எண்பதுகளின் பின்பாதியில் பௌடனிடம் ஆடியவர், 1994-ல் அவரே வேலைக்கு எடுத்தவர், ஃபிஷர் வந்தபோதும் போனபோதும் அங்கேயே இருந்தவர். 42-10 என்று ஜெயித்துக் கொடுத்தார்.